கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்

புதுப்பட்டினம்
8.9.1976

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி வீட்டில் சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் உன்னைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள். முகத்துவாரத்தில் இருபது வருஷம் தோணி ஓட்டிய பெண் வேறு யாருமில்லையாம். உனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். எனக்கே தெரியவில்லை. தெரியுமா?

கடைசிப் பக்கத்தில் நீ காலமாகிவிட்டதாக எழுதியிருந்தார்கள். பாடத்தில் வரும் பெரியவர்கள் கதையெல்லாம் அப்படித்தானே முடிகிறது.

"உசுரோட கீறாங்களா டீச்சர்? உங்க வூட்டாண்ட பாத்ததே இல்லியே" என்றாள் ஷஹர்பானு.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இனி எப்படி முடிப்பது என்று கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை நீயே வந்து சொல்லேன். உன் மருமகன் எதையும் மனதில் வைத்திருக்கவில்லை. செய்யூர் பஸ்ஸில் வந்து இறங்கினால், பள்ளிக்கூடத்துக்கு முன்பே என் வீடு வந்துவிடும்.

உன் மகள்