பின்கதவில் ஒரு வாளி வெந்நீர்

என் செல்ல நைனா,

எம்.எஸ்சி. உடற்கூறியல் முடித்துவிட்டேன். சான்றிதழ் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு உன் நாற்காலி வரைக்கும் போய்விட்டேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது என்பது அங்கே நின்ற பிறகுதான் உறைத்தது.

எதிர்வீட்டு அக்கா இன்னும், "அப்போ நீ டாக்டர் இல்லியா?" என்றுதான் கேட்கிறார். நீ இருந்தவரை அதற்கு நீயே பதில் சொல்லிவிடுவாய். "டாக்டருக்கே டீச்சரு" என்று தொழிற்பேட்டை டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாயே.

முதல் வருஷம் கையின் பாடம் மண்டையில் ஏறவே இல்லை. ஸ்கெட்ச் பேனாவால் உன் புறங்கையில் தசைநாண்களை வரைந்து பெயர் எழுதினேன். கழுவாமலே லேத் பட்டறைக்குப் போனாய். "இன்னாபா, கையில ரூட் மேப் போட்டுகினு வந்துகீற?" என்று கேலி செய்தார்களாம். சாயங்காலம் வந்து சொன்னாய்: "கண்ணு, கட்டவெரலுன்னு நீ எழுதிகீறது தப்பு. வெரல தூக்குனா அது அசையல, பக்கத்துல கீறதுதான் அசையுது." புத்தகத்தைப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி.

உடல்களை வைத்துப் படிக்கிற கூடத்திலிருந்து வரும் என்னை, சாவு வீட்டுக்குப் போய் வந்தவளைப் போல, குளிக்காமல் அம்மா உள்ளே விடமாட்டாள். நீ அவளோடு சண்டை போடவில்லை. பின்கதவருகே வெந்நீர் வாளியை வைத்துவிட்டு, பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பாய். நீ போன பிறகு பச்சைத் தண்ணீரை நானே பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் இரண்டு வேலை கிடைத்தது. ஒன்று, மண்ணூர்பேட்டை நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் மெடிக்கல் கோடிங். நோயாளிகளின் குறிப்பைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டைப் போடுகிற வேலை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அதில்தான் இருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் செயற்கைக் கால் செய்கிற இடத்துக்குப் போனாள். எனக்கு வந்த இன்னொன்று, பூந்தமல்லி தாண்டி ஒரு மருத்துவக் கல்லூரியில் டியூட்டர், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. மறுபடி அதே மாதிரிக் கூடம்.

"ஏசி ரூம்ல உக்காந்து வேல செய்றத உட்டுட்டு, தெனம் பொணத்தோட நிக்கப் போறியா? உன்ன எவன்டி கட்டிகினு போவான்?" என்றாள் அம்மா.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அதை எனக்குள் கேட்டுக்கொண்டே கல்லூரிக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டேன்.

நேற்று வேலையில் முதல் நாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வழக்கம்போலப் பின்பக்கம் போனேன். வாளியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மாற்றுத் துணி.

"உங்கப்பன் இல்லன்னா தண்ணி வெக்க ஆளில்லன்னு நெனச்சியா? ஆறிடப்போவுது, போய் குளி," என்றாள் அம்மா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

நீ வைப்பதைவிடக் கொஞ்சம் சூடு அதிகம், நைனா. அப்படியே எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

உன்னைப் பற்றி நான் வெளியே பேசுகிறவள் இல்லை. ஆனால் நாளைக்குக் கையின் பாடம். உடல் கிடத்திய மேசைக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு மாணவரையும் பக்கத்தில் இருப்பவர் கையில் தசைநாண்களை வரையச் சொல்வேன். பிறகு விரலைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். எதற்கு என்று யாராவது கேட்டால், என் தப்பைத் திருத்தியவர் ஒரு லேத் தொழிலாளி, என் அப்பா என்று கட்டாயம் சொல்வேன்.

உன் கையில் தப்பாக எழுதிய,
உன் மகள்.