நீ சொல்லாமல் விட்ட ஒளிவளையம்

ஓலசுண்ட்,
நவம்பர் 19

ரன்வைக்,

‘அன்புள்ள’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நலமா என்றும் கேட்கப்போவதில்லை. நீ நலமில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும்.

லேசர் ஆபரேஷன் முடிந்து பத்து வாரம் ஆகிறது. உன் ஆபரேஷனைப் பற்றி நீ போனில் சொன்னது அத்தனையும் எனக்கும் அப்படியே நடந்தது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போக வைத்தார்கள். இமை மூடாமல் கம்பி வைத்தார்கள். ஏதோ அழுத்தியது, சில நொடி ஒரே இருட்டு, பிறகு முடி கருகுகிற மாதிரி வாசனை. ஒரு கண்ணுக்கு லேசர் பட்டது அரை நிமிடம்கூட இல்லை. மறுநாள் காலையில் கண்ணாடி போடாமல் எதிர்க்கரை வீடுகளின் ஜன்னல்களை எண்ணினேன். ஏழு வயதிலிருந்து மூக்கில் சுமந்தது போயிற்றே என்று அழுதேன். உனக்குத்தான் முதலில் சொன்னேன். “நான்தான் சொன்னேன்ல?” என்றாய்.

நீ சொல்லாததும் நடந்தது. அக்டோபரில் பொழுது சுருங்கியதும், துறைமுகத்தின் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வளையம். இரண்டு விளக்கு ஒன்றோடொன்று கலந்து ஒரே புகையாகிவிடுகிறது. ஒரு சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், எதிரே வந்த மீன்பிடிப் படகை வெகு தூரத்தில் இருப்பதாக நினைத்துவிட்டேன். சட்டென்று இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டியதில், கார் ஏற்றிச் செல்லும் என் படகின் தளத்தில் இரண்டு கார்கள் முட்டிக்கொண்டன. அந்தச் சின்னப் படகில் இருந்தவர் என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார். அவர் முகமே எனக்குத் தெரிகிற அளவுக்கு அவ்வளவு பக்கம். அலுவலகத்துக்கு நானே போய்ச் சொன்னேன். இப்போது படகு ஓட்டுவதில்லை, மேஜையில் உட்கார்ந்து நேர அட்டவணை அடிக்கிறேன்.

டாக்டரிடம் போய்க் கத்தினேன். அவர் கோபப்படாமல் ஒரு தாளை எடுத்து வைத்தார். கண் உலர்வது, ஒளிவளையம், எல்லாம் அதில் இருந்தது, கீழே என் கையெழுத்து. இருட்டில் என் கண்மணி மிகவும் விரிகிறது, இருட்டு வேலை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள் என்று அவர் அன்றே சொன்னார். என் தோழிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பதில் சொன்னவள் நான்.

போன சனிக்கிழமை படகுத்துறையில் உன் தம்பி ஐவிண்டைப் பார்த்தேன். “உனக்கும் அக்கா மாதிரியே ஆயிடுச்சா?” என்று கேட்டான். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறான், பாவம். இரண்டு வருஷமாக நீ பொழுது சாய்ந்தால் கார் எடுப்பதில்லையாம். மணிக்கொரு தரம் சொட்டு மருந்தாம். மருத்துவமனைப் பக்கமே திரும்பிப் போகவில்லையாம்.

அப்படியானால் ஜனவரியில், என் அப்பாவின் அடக்கத்துக்கு வராமலிருக்க நீ சொன்ன காய்ச்சல் எது? பத்து மாதமாக உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இருட்டில் கார் ஓட்டக் கண் தெரியவில்லை, ஐவிண்டை அனுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் தலை போய்விடுமா? எல்லோரிடமும் அந்த ஆபரேஷனைப் புகழ்ந்துவிட்டு, தோற்றுப்போனேன் என்று சொல்ல வெட்கம். உன் வெட்கத்துக்கு என் கண்ணைக் கொடுத்தேன், ரன்வைக். டாக்டரைவிட உன் வார்த்தையை நம்பினேன். இதை எப்போது மன்னிப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

பலருக்கு ஆறு மாதத்தில் குறையும் என்கிறார் டாக்டர். எனக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன்னைப் பற்றியும் சொன்னேன். இரண்டு வருஷம் சும்மா விட்டது தப்பு, பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். டிசம்பர் நான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு உன் பெயரைப் பதிந்துவிட்டேன். முந்தின நாள் ஐவிண்ட் உன் ஊர் ட்ரோண்ட்ஹெய்முக்கு வந்து உன்னை அழைத்து வருவான். இங்கே என் வீட்டில் தங்கு. காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நேரில் உன்னைத் திட்ட இன்னும் நிறைய வைத்திருக்கிறேன். அதுவரை உன் கண்கள் பத்திரமாக இருக்கட்டும்.

சுன்னிவா