மணியடித்தும் முடியாத நாடகம்

மார்ச் 4
அம்மா தூங்கியாயிற்று. போர்வைக்குள் டார்ச்.
எங்கள் வகுப்பு பள்ளி முற்றத்தில் போடும் நாடகத்தில் ஜெத்ரோதான் ராணி. நானூறு வருடத்துக்கு முன்னால், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் பெண் வேடமும் பையன்கள்தான் போட்டார்களாம். பெண்களுக்கு மேடை கிடையாது. நான் அவனுக்கு உடை கட்டிவிட வேண்டும்.
“பின்னை இறுக்கிக் குத்துடி. ராணின்னா முதுகு நிமிரணும்” என்றான்.

மார்ச் 12
பார்ப்பவர்கள் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். கத்தலாம், தின்று மிச்சமான ஆப்பிளை எறியலாம். தேம்ஸ் ஆற்றின் இந்தக் கரையில் அப்போது நாடகம் பார்த்தது அப்படித்தானாம். “மணி அடிச்சதும் எல்லாம் முடிஞ்சிரணும்” என்றார் ஹோல்ட் மிஸ். கைப்பேசிகளைக் கூடையில் போட்டுவிட வேண்டும்.

மார்ச் 19
இன்று நாடகம். ராணியாக ஜெத்ரோ அழுதபோது முற்றமே அடங்கிப்போனது. பிறகு ஃபின்லே கத்தினான்: “ராணிக்கு மீசை முளைக்குது, யாராவது மழிச்சு விடுங்கப்பா.”
“உனக்கு முளைக்கலையேன்னு வயித்தெரிச்சலா?” என்றான் ஜெத்ரோ, ராணிக் குரலிலேயே. என்ன கைதட்டல்!
அப்புறம் யாரோ எறிந்த ஆப்பிள் அவன் கண்ணைத் தாக்கியது. பாவாடை தடுக்கி விழுந்தான். பாவாடை தலைக்கு மேல். ஃபின்லேயின் சட்டைக்கைக்குள் இன்னொரு கைப்பேசி — நான் பார்த்தேன்.

மார்ச் 20
அவன் விழுந்த வீடியோ மட்டும் எல்லார் கைப்பேசியிலும். அவன் கொடுத்த பதில் இல்லை. கைதட்டல் இல்லை.

மார்ச் 24
ஜெத்ரோ பள்ளிக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போனேன், கதவையும் திறக்கவில்லை.
ஃபின்லே படிக்கட்டில் வழிமறித்தான். “நீ பாத்தேன்னு தெரியும். வாயத் திறந்தா அடுத்தது நீதான்.”
என்னை என்ன செய்யும்போது படம் எடுப்பான்? நடப்பதை, தின்பதை — எதையும் எடுக்கலாமே. பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

மார்ச் 30
அன்றைய பொழுதுபோக்கையும் இன்றையதையும் ஒப்பிடச் சொன்னார் மிஸ். பள்ளிக்குப் பின்தெருவில்தான் அன்று கரடியைக் கட்டிப்போட்டு நாய்களை ஏவி வேடிக்கை பார்த்தார்களாம். வகுப்பே முகம் சுளித்தது. ஃபின்லேயும்.
அன்று கத்தியவனின் முகம் நடிகனுக்குத் தெரியும், திருப்பிக் கொடுக்கலாம். இருட்டுமுன் கூட்டம் ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போய்விடும். இந்தக் கூட்டம் எப்போது போகும்?
வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் போனேன். யார் எடுத்தது என்று சொல்லிவிட்டேன். முதல் முறை அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரல் 2
ஃபின்லேயைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜெத்ரோவை அவன் அப்பா வேறு ஊருக்கு, லீட்ஸுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

ஏப்ரல் 24
இன்று எல்லார் கைப்பேசியிலும் என் படம் வந்தது. வாய் நிறைய சிப்ஸோடு. யார் எடுத்ததென்று தெரியவில்லை. மதியம் என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை.
சாயங்காலம் ஜெத்ரோ போனில் பேசினான். புதுப் பள்ளியிலும் நாடகம் உண்டாம். விளக்குப் போடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம்.
“இருட்டுல நிக்கறது நல்லாத்தான் இருக்கு” என்றான்.