ஒசாகாவில் நீ சாப்பிட்ட கடைகள்

துவைக்கப் போடலாம் என்று என் கம்பளிக் கோட்டை எடுத்து அதன் பையைத் துழாவினேன். ஒரு தீப்பெட்டி வந்தது. மஞ்சள் அட்டையில் ஒரு காபிக் கோப்பையும் பக்கத்தில் மூன்று ஜப்பான் எழுத்துகளும். போன வருஷம் ஒசாகாவில் ஒரு காபிக் கடைக்காரம்மா கொடுத்தது. நீ இருந்திருந்தால் அந்த எழுத்துகளை வாசித்துக் காட்டியிருப்பாய். அது சரியான வாசிப்புதானா என்று எனக்குத் தெரியாது. உன் விஷயத்தில் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதே குழம்பிக் கிடக்கிறது. எழுதினால் கொஞ்சம் தெளியுமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அபுதாபியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே தொழிலாளர் கேம்ப்பில் நம் அறையில் நான்கு பேர். நீ நாகர்கோவில் பக்கத்துப் பைப் ஃபிட்டர், நான் கும்பகோணத்துப் பம்ப் ஆப்பரேட்டர். இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்த அன்றைக்கே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. உன் சூப்பர்வைசர் ஹிராய் என்ற ஜப்பான்காரர். வரைபடங்கள் வைத்த சின்னக் கேபினில் நீயும் அவரும் நாள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு இருப்பீர்கள். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்ட அதே வாரம் நீ அறைக்குள் ஓடி வந்தாய்.

"மக்கா, எனக்கு டிரெயினிங் கெடச்சிருக்கு. ஒசாகா. ஆறு மாசம்."

நாங்கள் மூவரும் உன்னைத் தூக்கிச் சுற்றினோம். நீ இருமினாய். புழுதி என்று நினைத்தோம்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது நீ இளைத்திருந்தாய், வெளுத்தும் இருந்தாய். குளிர் நாட்டுக்குப் போனால் அப்படித்தான் என்றான் ஒருவன். நாங்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து அங்குள்ள பெரிய கோட்டையைப் பற்றிக் கேட்டோம், அதிவேக ரயிலைப் பற்றிக் கேட்டோம். நீ கையை வீசி ஒதுக்கினாய்.

"கோட்டையை வார போறவன் எல்லாம் பாப்பாம்லா. அங்க உள்ளவன் எங்க திம்பான், எங்க குடிப்பான், அது எவனுக்குத் தெரியும்? அதத்தான் நான் பாத்தேன், கேட்டியா."

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பாட்டு நேரத்தில் நீ எங்களை ஒசாகாவுக்குக் கூட்டிப்போனாய். தாய்ஷோ ஸ்டேஷனில் இறங்கணும். தலைக்கு மேலே ரயில் ஓடும், அதன் அடியிலேயே நடக்கணும். ஒன்பதாவது தூணில் ஒரு நீலத் துணி தொங்கும். துணியை விலக்கி உள்ளே போனால் நாற்காலி கிடையாது, நின்றுகொண்டுதான் சாப்பிடணும். தடித்த வெள்ளைச் சேவையை, கடல்பாசி போட்டுக் கொதிக்கவைத்த தெளிந்த ரசத்தில் மிதக்கவிட்டுத் தருவார்கள். அதற்கு எதிர்ச்சந்தில் ஒரு சாராயக் கடை. வெளியே பார்த்தால் பாட்டில் விற்கிற கடைதான். மூலையில் பீர்ப் பெட்டிகளை அடுக்கி மேலே பலகை போட்டிருக்கும். தொழிற்சாலை விட்டு வருகிறவர்கள் அங்கே நின்று ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போவார்கள். தொட்டுக்கொள்ள டின் மீன். இன்னும் கொஞ்சம் போனால் புருஷனும் பெண்டாட்டியும் நடத்துகிற அடைக் கடை. முட்டைக்கோஸை அரிந்து மாவில் கலந்து, நம் முன்னாலேயே இரும்புத் தகட்டில் தட்டுவார்கள். புருஷன் மாவு ஊற்றுவார், திருப்பிப் போடுவது பெண்டாட்டி மட்டும்தான்.

"அவரு திருப்பிப் போட்டா பிஞ்சி போவும் மக்கா. முப்பது வருசமா பிஞ்சிதான் போவுதாம்."

கடைசியாகக் காபிக் கடை. காலையில் காபி வாங்கினால் செங்கல் கனத்துக்கு ஒரு ரொட்டியும் அவித்த முட்டையும் சும்மாவே வரும். எத்தனை தடவை கேட்டாலும் நீ ஒரு தூணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. அதைக் கேட்டுவிட்டு மெஸ்ஸில் பருப்பும் ரொட்டியும் இறங்காது. நான் அந்த வழியையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். உன் பெட்டியில் ஒரு பெரிய பாட்டில் இருந்தது, சிவப்புக் காப்ஸ்யூல். என்ன என்று கேட்டதற்கு "ஜப்பான் சத்து மாத்திரை" என்றாய். எனக்கும் ஒன்று கொடு என்றேன். நீ ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து கொடுத்தாய். அடுத்த நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. ஜப்பான்காரன் சத்து எப்படி வேலை செய்கிறது பார் என்று மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு கேட்காமலே எடுக்க ஆரம்பித்தோம். ஓவர்டைம் பார்த்த நாளில் இரண்டு. பாட்டில் சீக்கிரமே காலியாகிவிட்டது. "தீந்தா தீரட்டும்" என்றாய். அப்புறம் ஒரு தடவை லீவு போட்டுவிட்டு அல் ஐன் நகரத்துக்குப் போய் வந்தாய். ஊர்க்காரரைப் பார்க்க என்றாய். புதுப் பாட்டிலோடு வந்தாய். அதையும் தின்றோம். அதற்குப் பிறகு நீ லீவு கேட்டபோது ஃபோர்மேன் தரவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் சைட்டில், நட்டநடுப் பகலில், பைப்பின் மேல் உட்கார்ந்தபடி ரத்தம் கக்கினாய். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய். எங்களை உள்ளே விடவில்லை. நான்காம் நாள் நீ போய்விட்டாய். நிமோனியா என்று கேம்ப் மேனேஜர் சொன்னார். ஜப்பான் குளிர் நெஞ்சில் தங்கிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். உன் வீட்டுக்கும் நான்தான் அப்படியே எழுதினேன்.

சில மாதம் கழித்து எனக்கே ஒசாகா டிரெயினிங் வந்தது, பம்ப் பழுது பார்க்க இரண்டு மாதம். உன் மனைவிக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது.

"அண்ணா, அவங்க அங்க இருந்து போட்ட லெட்டரெல்லாம் ஜப்பான் ஸ்டாம்போட பத்திரமா வச்சிருக்கேன். காப்பிக்கு முட்டை குடுத்த அம்மாவை எப்படியாவது பாருங்க. அவங்க இல்லைன்னு சொல்லிருங்க. பிள்ளையளும் நானும் கும்பிட்டதாச் சொல்லணும்."

முதல் ஞாயிற்றுக்கிழமையே தாய்ஷோவில் இறங்கினேன். தூண்களை எண்ணினேன். ஒன்பதாவது தூணில் நீலத் துணி தொங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நின்றுகொண்டே சேவையைச் சாப்பிட்டேன். சாராயக் கடையில் பீர்ப் பெட்டிகள் அப்படியே இருந்தன. அடைக் கடையில் புருஷன் ஊற்றினார், பெண்டாட்டி திருப்பினார். எல்லாம் நீ சொன்னபடியே. ஆனால் ஒவ்வொரு கடையிலும் உன் போட்டோவைக் காட்டினேன். ஒவ்வொருவரும் வாங்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சந்தில் என்னையே கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஆறு மாதம் வந்துபோன இந்தியனை எப்படி மறப்பார்கள்?

காபிக் கடைக்காரம்மாவும் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார். நான் நோட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் கண் என் தமிழ் எழுத்தில் விழுந்தது. சட்டென்று குனிந்தார். ஒரு எழுத்தின் சுழியை விரலால் தொட்டார். பிறகு ஸ்டாம்ப் ஒட்டுவதுபோலவும் பெட்டியில் போடுவதுபோலவும் கையால் செய்து காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் போன் செய்யப் போனார்.

கால் மணியில் ஒருவர் வந்தார். மெலிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. ஹிராய். சைட்டில் தூரத்தில் பார்த்திருக்கிறேன். ஒசாகாவின் நடுவில் அவர் வாயிலிருந்து நம் சைட் இந்தி வந்தபோது நான் திகைத்துவிட்டேன்.

"தும் அபுதாபி? கேம்ப்?"

"ஹாங், கேம்ப்."

"மேரா பாய் கைஸா ஹை?" அவருடைய தம்பி எப்படி இருக்கிறான் என்கிறார். உன் போட்டோவைத் தொட்டுக்கொண்டு கேட்கிறார்.

எனக்கு வேறு சொல் வரவில்லை. "கலாஸ்" என்றேன்.

வெல்டிங் முடிந்தால் கலாஸ், டியூட்டி முடிந்தால் கலாஸ், சோறு தீர்ந்தால் கலாஸ். அந்தச் சொல்லை உனக்கும் சொன்னேன். அவர் "கலாஸ்?" என்று ஒருமுறை கேட்டார். "கலாஸ்" என்றேன். அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவர் துண்டு துண்டாகச் சொன்னதையும், தாளில் வரைந்து காட்டியதையும் சேர்த்துத்தான் எனக்குத் தெரியும். காசநோய் முதலில் அவருக்கு. அந்தச் சின்னக் கேபினில் அவரிடமிருந்து உனக்கு. "மேரா ஸே உஸ்கோ" என்று தன் நெஞ்சையும் உன் போட்டோவையும் மாற்றி மாற்றிக் காட்டினார். வெளியே தெரிந்தால் உன் விசா போய்விடும். அவர் கம்பெனியில் மன்றாடி, தன்னோடு உன்னையும் அல் ஐனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்க்க வைத்தார். ஊருக்குத் திரும்பியதாக அவரைப் பற்றிச் சொன்னதும் பொய்தான். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஆறு மாதம்.

ஒசாகா என்று சொல்லச் சொன்னதும் அவர்தான். கேம்ப்பில் கேட்பார்களே, நீ ஒசாகாவைப் பார்த்ததே இல்லையே? ஆகவே தினமும் சாயங்காலம் அவர் உன்னை ஸ்டேஷனில் இறக்கி நடத்திக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு இருவருக்கும் இறங்காது. சேவையும் அடையும் பேசிக்கொண்டே அந்தத் தட்டைக் காலி செய்வீர்களாம். மறுநாள் பரீட்சை. ஒன்பதாவது தூணில் என்ன? துணி என்ன நிறம்? கோட்டையைப் பற்றி ஏன் சொல்லித் தரவில்லை என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டார். அவர் தொழிற்சாலைக்காரர், கோட்டைக்குள் போனதே இல்லையாம். உன் கடிதங்கள் கம்பெனிப் பையில் இங்கே வரும், இந்த அம்மா ஸ்டாம்ப் ஒட்டிப் போடுவார்.

எல்லாம் சொல்லிவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தவா? ரோஜ் காயா?" மருந்தை அவன் தினமும் சாப்பிட்டானா?

அப்போதுதான் எனக்கு அந்தச் சிவப்புக் காப்ஸ்யூல் ஞாபகம் வந்தது. உன் முகமும். மூடியைத் திறந்த உன் கையும்.

"ரோஜ்" என்றேன். "தினமும் சாப்பிட்டான்."

அவர் எழுந்து, என் முன்னால் இடுப்புவரை குனிந்து நின்றார். நிமிரவே இல்லை. அந்த அம்மாதான் தோளைத் தொட்டு நிமிர்த்தினார். உன் மனைவி கும்பிட்டதாக நான் அந்த அம்மாவுக்குக் கைகூப்பிக் காட்டினேன். அவர் தீப்பெட்டி ஒன்றை என் கையில் வைத்து மூடினார்.

எனக்குப் புரியவில்லை. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் நான் என் கட்டிலை வேறு அறைக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேனா? மாட்டேன் என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு என்ன செய்திருப்பேன்? நோயை வைத்துக்கொண்டு எங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டாயே என்று சில நேரம் கோபம் வருகிறது. அந்தக் கோபம் முடிவதற்குள் உன் மருந்தைத் தின்றவன் நான் என்பது வந்து நிற்கிறது. ஹிராய் உன்னைக் கொன்றாரா, காப்பாற்றப் பார்த்தாரா? அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? அவர் நிம்மதிக்காகப் பொய் சொன்னேனா, என் நிம்மதிக்காகவா?

உன் மனைவிக்கு எழுதினேன். எல்லாக் கடையும் இருக்கிறது, அவன் சொன்ன இடத்திலேயே இருக்கிறது, காபிக் கடை அம்மா உன் கும்பிடை வாங்கிக்கொண்டார் என்று. ஒரு வரிகூடப் பொய் இல்லை. கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியதாகப் பதில் போட்டிருந்தாள். இன்னும் மூன்று தடவை வாசித்தேன் அண்ணா என்று எழுதியிருந்தாள்.

அறையில் இருந்த ஒருவன் இப்போது சவுதியில், யான்புவில் இருக்கிறான். நெஞ்சை ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள் என்று மட்டும் எழுதினேன், காரணம் எழுதவில்லை. மற்றவனை நேரில் அழைத்துக்கொண்டு அல் ஐன் ஆஸ்பத்திரிக்கே போனேன். மலையாளி டாக்டர் ஒருவர் எங்கள் இருவரின் எக்ஸ்ரே படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே. எதுக்கு பயம்?"

நீ படுத்திருந்த வார்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். வாசல்வரை விட்டார். யாரோ இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு உதிர்ந்த மதில், பாதி தெரியும் ஒரு பேரீச்சை. அவ்வளவுதான் உனக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், நீ நம்பமாட்டாய். அந்தச் சேவையை நான் நிஜமாகவே சாப்பிட்டேன். சூடாக, நின்றுகொண்டே, கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். இப்போது யோசித்தால் அதன் ருசி எனக்கு வரவில்லை. உப்பா, இனிப்பா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், மெஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொல்லச் சொல்லக் கேட்டேனே, அந்த ருசிதான் நாக்கில் இருக்கிறது. அறைக்குப் புதிதாக வந்தவர்கள் ஒசாகாவில் சாப்பாடு எப்படி என்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் உன் பேச்சுதான் வருகிறது, 'கேட்டியா' உட்பட.