சமையல்கட்டை மட்டும் தொடாதீர்கள்

முத்தாண்டிக்குப்பம்
12.1.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

இங்கு நானும் வீடும் நலம். அங்கே நீ, இசைப்பிரியா, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நலமா? போனில் பேசினால் மைன்ஸ் மெஷின் சத்தம் தின்றது போக மிச்சமிருக்கும் காதில் பாதிதான் விழுகிறது. நீ கத்த, பேரன் விழித்துக்கொள்ள, எதற்கு வம்பு? கடிதமே மேல்.

ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்றே சொன்னேன் அல்லவா, நீ மகளுக்குப் பிரசவம் பார்த்துத் திரும்புவதற்குள் அப்பா கட்டிய இந்தப் பழைய வீட்டை அறை அறையாகப் புதுப்பித்துவிடுகிறேன் என்று? ஹால் முடிந்தது. சுவரில் இடுப்பளவு பச்சை, அதற்கு மேல் வெளிர்மஞ்சள். ஜன்னலை மேற்குப் பக்கம் மாற்றிவிட்டேன். கொத்தனார் கொளஞ்சிநாதன்தான் புலம்புகிறார். "இன்னா சார், காத்து வர்ற ஜன்னல அடைச்சிட்டு, வெயில் அடிக்கிற பக்கம் வெக்கச் சொல்லிகினு இருக்கீங்க?" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? குளியலறைக் கதவு ஓர் உதை விட்டால்தான் சாத்திக்கொள்ளும். அந்தப் பதம் வர தச்சருக்கு இரண்டு நாள் பிடித்தது.

போட்டோ கேட்காதே. நேரில் பார்த்து நீ அசந்துபோக வேண்டும்.

அன்புடன்,
இளவழகன்

*

புனே
21.1.2025

அன்புள்ள இசைப்பிரியா அப்பாவுக்கு,

அனைவரும் நலம். பேரன் உங்களைப் போலவே இருக்கிறான், யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உங்கள் கடிதத்தை இசைப்பிரியா சத்தமாக வாசித்தாள். கதவுக்கு உதை என்று வந்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏங்க, அது நம் பதினேழாம் பிளாக் குவார்ட்டர்ஸ் அல்லவா? முப்பது வருஷம் அந்த மேற்கு ஜன்னலில் நான் வெந்ததும், அந்தக் கதவை உதைத்து உதைத்து என் கால் கட்டைவிரல் கோணிப்போனதும் மறந்துவிட்டதா? கொடியில் காயும் துணிமேல் தூவ மைன்ஸ் கரித்தூளுக்கும் சொல்லிவைத்தாயிற்றா?

அங்கே ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஆபீஸில் கேட்க வேண்டும் என்று என்னை அடக்கிவைத்தீர்கள். "நம்ம வூடுன்னு ஒண்ணு ஆவட்டும், சமையல்கட்டு உன் இஷ்டம்" என்பீர்கள். நானும் நம்பிக் காத்திருந்தேன். ஆகவே சமையல்கட்டை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் நான் இங்கேயே இருந்துவிடுவேன். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது என்று இசைப்பிரியாவுக்கும் அதில் முழுச் சம்மதம்.

இப்படிக்கு,
பிரபாவதி

*

முத்தாண்டிக்குப்பம்
4.2.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

உன் கோபம் புரிந்தது. இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

படுக்கையறையும் முடிந்தது. நடுவில் ஸ்விட்ச் போர்டு எந்த உயரத்தில் இருந்தது என்று சந்தேகம் வந்து, டேப்பை எடுத்துக்கொண்டு பதினேழாம் பிளாக்குக்கே போனேன். அங்கே ஒரு தவறு நடந்துவிட்டது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அனுமதி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் பழக்கதோஷம், கேட்டைத் திறந்து, வண்டியை மாமரத்தடியில் நிறுத்தி, உள்ளே போய், எனக்குத் தெரியாமல் நீ அடித்துவைத்த அந்த ஆணியில் சட்டையைக் கழற்றி மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, "காபி" என்றேன். புதிதாகக் குடிவந்திருக்கும் எஞ்சினியரின் மனைவி தேவயானி கரண்டியோடு வந்து நின்றாள். நல்ல பெண். "யாருங்க நீங்க?" என்று கேட்டாள், காபியும் கொடுத்தாள். சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி.

விஷயத்தைச் சொன்னதும் அவளே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சமையல்கட்டையும் அளந்தேன். பயப்படாதே, அளந்ததோடு சரி.

அன்புடன்,
இளவழகன்

*

புனே
11.2.2025

இசைப்பிரியா அப்பாவுக்கு,

"அன்புள்ள" போடவில்லை, கவனித்திருப்பீர்கள்.

அளந்ததோடு சரி என்றால் எதற்காக அளந்தீர்கள்? குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வந்தவர்கள் எல்லாம் தங்களுக்குப் பிடித்த மாதிரி வீடு கட்டுகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் விட்டுவந்ததையே திரும்பக் கட்டுகிறீர்கள்? யாருக்காக? நேராகப் பதில் எழுதுங்கள். அது வரும்வரை ஊருக்கு டிக்கெட் எடுப்பதாக இல்லை.

பிரபாவதி

*

முத்தாண்டிக்குப்பம்
20.2.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

உனக்காகத்தான்.

கல்யாணமாகி நீ முதலில் வந்தது இந்த வீட்டுக்கு. அம்மா அரிசி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். வேளைக்கு வேளை நீ முறத்தோடு நின்று கேட்க வேண்டும். குவார்ட்டர்ஸ் ஆர்டர் வந்து லாரியில் சாமான் ஏற்றிய அன்று, "இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாய். பதினேழாம் பிளாக்கில் போய் இறங்கியதும் பாடிக்கொண்டே வீட்டைக் கழுவினாய். உனக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா போன பிறகும், பொங்கலுக்கு இங்கே வந்தால் நீ சமையல்கட்டுக்குள் போனதில்லை.

இனி நீ இங்கேதான் இருந்தாக வேண்டும். உள்ளே நுழைந்ததும் நீ அழுத வீடு கண்ணில் படாமல், பாடிய வீடு படட்டும் என்று நினைத்தேன். எனக்கு வேறு யோசனை வரவில்லை, பிரபா. நீ வராமலே இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

சமையல்கட்டைத் தொடவில்லை. அதை ஒட்டிய அரிசி அறையில் அம்மாவின் பூட்டு அப்படியே தொங்குகிறது. உடைத்துவிடலாமா என்று கொளஞ்சிநாதன் கேட்டார். வீட்டம்மா வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
இளவழகன்

*

புனே
27.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை இசைப்பிரியாவிடம் கொடுக்கவில்லை. நானே வாசித்தேன். முதலில் அழுதேன், அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. ஏங்க, நான் பச்சைச் சுவரைப் பார்த்தா பாடினேன்? யாரிடமும் கேட்காமல் அரிசி டின்னை நானே திறந்து, நானே அளந்து உலையில் போட்டேனே, அந்தச் சந்தோஷத்தில் பாடினேன். மேற்கு ஜன்னல் இல்லாவிட்டாலும் பாடியிருப்பேன்.

ஹால் அப்படியே இருக்கட்டும், ஆசையாகச் செய்திருக்கிறீர்கள். படுக்கையறை ஸ்விட்சும் இருக்கட்டும். இங்கே நானும் தினமும் தப்பான சுவரைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கதவை மட்டும் தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள், கட்டைவிரல் என்னுடையது.

அரிசி அறைப் பூட்டை உடைக்க வேண்டாம். சாவியைத் தேடி எடுத்து வையுங்கள், நான் திறக்க வேண்டும். திறந்த பிறகு நடுச்சுவரை இடித்து, இரண்டையும் சேர்த்துப் பெரிய சமையல்கட்டாக்கிவிடுவோம். முதல் அடி நான்தான் அடிப்பேன். சம்மட்டியைத் தயாராக வைத்திருக்கும்படி கொளஞ்சிநாதனிடம் சொல்லுங்கள்.

டிக்கெட் எடுத்தாயிற்று. மார்ச் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் இறங்குகிறேன், ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து நேரே முத்தாண்டிக்குப்பம் போக வேண்டும். பழக்கதோஷத்தில் என்னையும் பதினேழாம் பிளாக்குக்கு அழைத்துப் போய், அந்தப் பெண்ணிடம் இரண்டு காபி கேட்டுவிடாதீர்கள்.

உங்கள்
பிரபா