ராணி தலை வெள்ளி ரூபாய்

அண்ணே,

டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் இன்று நாணய ஆல்பம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். புது பிளாஸ்டிக் உறைகளின் வாடை முகத்தில் அடித்தது. நீ செத்து ஒன்பது மாதத்தில், நீ பக்கத்தில் நிற்பதுபோல் எனக்கு இருந்தது அப்போதுதான். அடுத்த வாரம் உன் மகளுக்குப் பத்து வயது. நாணயம் சேர்க்கும் ஆசை அவளுக்கு மறுபடி வருமா என்று பார்க்கத்தான் போயிருந்தேன். பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார் கடைக்காரர். மூடிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பரிசு தேர்ந்தெடுப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்பது உன் எண்ணம். ஆறாவது பிறந்தநாளுக்கு அவள் கேட்டது சைக்கிள். நீ வாங்கிவந்தது இதே மாதிரி ஓர் ஆல்பம். ஏழாவதுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி. அதை வைத்து எறும்பைப் பார்த்தாள் என்று ஒரு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டினாய். எட்டாவதுக்கு, ராணி தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய், கண்ணாடி டப்பியில். கேக் வெட்டிய கையோடு அவள் அதை எட்டிப் பிடிக்க வந்தாள். புறங்கையில் ஒன்று போட்டாய்.

"தொட்டா ரேகை பதிஞ்சிரும். பாக்க மட்டுந்தான்."

எல்லோரும் பார்த்து முடித்ததும் அதுவும் பீரோவுக்குள் போனது.

விருந்தாளிகள் வந்தால் அவளை நடுவில் நிறுத்தி, எந்த நாணயம் எந்த ஆண்டு என்று ஒப்பிக்கச் சொல்வாய். தப்பினால், என்னைக் காட்டி, அவளும் அத்தை மாதிரியே மண்டு என்பாய். அத்தை அத்தனை புத்தகம் படித்து என்னத்தைக் கிழித்தாள் என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

அவளுக்கு நாணயம் பிடிக்காமல் இல்லை. அவள் காதுகுத்துக்கு வந்த மொய்க் கவர்களில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய் நாணயங்களைப் பிய்த்தெடுத்து, பசையைக் கழுவி, காலி ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"அத்த, வருசத்துக்குக் கீழ பாருங்க. இதுல நட்சத்திரம் இருக்கு. இதுல டைமண்டு. இதுல ஒண்ணுமே இல்ல. ஏன்?"

எந்த ஊரில் அடித்த நாணயம் என்பதற்கான குறி அது என்று எனக்கே அன்று தேடிப் படித்துத்தான் தெரிந்தது. நீ சொல்லாமல் அவளாகக் கண்டுபிடித்தது. நீ மகிழ்வாய் என்று நம்பி உன்னிடம் போய்ச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதெல்லாம் காசில்லை, சில்லறை என்று சொல்லி, அந்தப் பாட்டிலை வாசலில் நின்ற பூக்காரம்மாவின் கூடையில் கவிழ்த்தாய். பிள்ளை அழுகிறதே என்று அந்த அம்மாவே தயங்கினார்.

"அழட்டும். அப்பத்தான் தரம் தெரியும்" என்றாய்.

அதன் பிறகு அவள் எந்த நாணயத்தையும் திருப்பிப் பார்க்கவில்லை.

நீ விழுந்தது ஆனி மாதத்தில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. விளாங்குடி வீட்டில் உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு, நெற்றியில் வைக்கக் காசு கேட்டார் பெரியப்பா.

"யாராச்சும் ஒத்த ரூவாக் காசு குடுங்கப்பா."

ஆண்கள் சட்டைப் பையைத் தடவினார்கள். எல்லாப் பையிலும் போன் இருந்தது. காசு இல்லை. ஊர் ஊராக நாணயம் தேடி அலைந்தவன் பிணத்துக்கு ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. எதிர்க்கடையில் போனில் பணம் அனுப்பிக் காசு வாங்கிவருவதாகச் சொல்லி மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

உன் மகள் எழுந்து உள்ளே போனாள். பீரோச் சாவி அரிசி டின்னுக்கு அடியில் இருப்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. திரும்பி வந்தபோது உள்ளங்கையில், டப்பி இல்லாமல், அந்த வெள்ளி ரூபாய். மதினி அழுகையில் தலை நிமிரவில்லை. பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"இது சில்லற இல்லேல்ல, அத்த?"

இல்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். தடுத்திருக்கலாம். தடுக்கத் தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெரியப்பா சந்தனத்தைக் குழைத்து அதை உன் நெற்றியில் ஒட்டினார். ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவள் போல அவள் குனிந்து, ராணியின் முகத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

சுடுகாட்டில் நடந்ததை மாமா திரும்பி வந்து வாசலில் சொன்னார். நெற்றிக் காசு சிதை அடுக்குகிறவருக்கு உரியது. அவர் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "என்னய்யா, செல்லாத காச வச்சு அனுப்பிட்டீக" என்றாராம். பெரியப்பா கூசிப்போய் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டியிருக்கிறார். சொல்லிக்கொண்டே மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினி காதுக்கு அது போகவில்லை.

பதினாறாம் நாள் கழிந்து மதினி பீரோவைத் திறந்தாள். டப்பி காலி. நீ விற்றுவிட்டாய் என்று முடிவுகட்டினாள். எவளுக்குச் செலவழித்தாயோ என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கூடப் பார்த்தாள்.

நான் இப்போதெல்லாம் கடைகளில் தாளைக் கொடுத்துச் சில்லறை வாங்குகிறேன். உங்கள் வீட்டுக்குப் போகும்போது பிரிட்ஜ் மேல் கொஞ்சம் நாணயங்களை மறந்ததுபோல் வைத்துவிட்டு வருவேன். மூன்று மாதம் அப்படியே கிடந்தன. போன வாரம் பார்த்தபோது நட்சத்திரம் போட்டவை மட்டும் இல்லை. அந்தத் துணிச்சலில்தான் இன்று ஆல்பம் வாங்கப் போனேன். இனி போக மாட்டேன். பிறந்தநாளன்றும் பிரிட்ஜ் மேல்தான் வைப்பேன். யார் எடுத்தது என்று கேட்கவும் மாட்டேன்.

நேற்றும் சோறு போடும்போது மதினி ஆரம்பித்தாள். "பிள்ளைக்குன்னு வாங்குனதையே வித்துத் தின்னுருக்காரு இந்த மனுசன்." உன் மகள் தட்டைவிட்டு நிமிரவில்லை. நான் ரசம் கேட்டேன்.

என் ஒரு வார்த்தையில் உன் பெயர் சுத்தமாகிவிடும், அண்ணே. சொல்ல மாட்டேன். நீ அவளுக்குக் கொடுத்தவற்றில் அவளுக்கு உதவுவது இந்தக் கெட்ட பெயர் ஒன்றுதான். அதையும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.