அப்பா கட்டிவைத்த கிளட்ச்

இராயபுரம்,
நவம்பர் 9

அன்பு மகன் பென்னிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் அன்புக்கரசியும் மஸ்கட் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் அழுகைதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

உன் கல்யாணத்துக்கு அப்புறம் மூன்று வருஷம் உன்னோடு பேசாமலே அப்பா போய்விட்டார், இனி வீட்டில் நிற்கும் அந்த பைக் எதற்கு, விற்றுவிடு என்றாய். விம்கோ நகரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டதும் வண்டி துள்ளிச் சுவரில் முட்டி நின்றது, அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். மெக்கானிக் ஜெரியைக் கூப்பிட்டேன். கேபிள் சரியாகத்தான் இருக்கிறதாம். கியரில் போட்டு, கிளட்சை அழுத்திப் பிடித்து, முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான், கிளட்ச் விடவில்லை, சக்கரம் உருளவில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே தகடுகள் நனைந்த அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடக்கின்றன. மாதக்கணக்காக ஓடாமல் நின்றால் அப்படித்தானாம். பிறகு கைப்பிடியைப் பார்த்து, இன்னா ஆன்ட்டி, அங்கிள் கட்டிவெச்ச கயிறு எங்க என்றான்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வீட்டைக் கழுவும்போது, கிளட்ச் பிடியை யாரோ வலை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தெருப் பிள்ளைகளின் சேட்டை என்று நான்தான் மீன் வெட்டும் கத்தியால் அறுத்துப் போட்டேன். பிடி அழுந்தியபடியே இருந்தால் தகடுகள் ஒட்டாதாம். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து அந்த வண்டியை ஸ்டார்ட் செய்வாரே, இனி முடியாது என்று தெரிந்து, படுக்கையில் விழுமுன் கட்டியிருக்கிறார். துருப்பிடிக்கும் என்றுதான் ஸ்டார்ட் செய்கிறார் என்று நினைத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வீம்பு பிடித்த மனுஷன். ஜெரியிடம் மட்டும், எம் புள்ள வந்து எடுக்கசொல்ல வண்டி மக்கர் பண்ணக்கூடாதுடா என்றாராம்.

தகடுகளைப் பிரித்துத் தேய்த்து, ஆயில் மாற்றிப் பூட்டிவிட்டான், இப்போது கிளட்ச் நன்றாக விடுகிறது. நானே திரும்பக் கட்டிவைத்தேன், ஆனால் அவர் கட்டிய இறுக்கம் என் கைக்கு வரவில்லை. விற்க மாட்டேன் பென்னி, கோபித்துக்கொள்ளாதே.

மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. பாஸ்போர்ட் தேதி முடியப்போகிறதா பார். வரும்போது மருமகளையும் கூட்டி வா. அடக்கத்தன்று போனில், அப்பா கடைசியில் என்னைக் கேட்டாரா என்று கேட்டாய், இல்லை என்றேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் ராசா. கேட்டார்.

உன் அம்மா,
சிலுவையம்மாள்